மதுரையிலிருந்து ஐம்பத்தைந்து நிமிடம்

நவம்பர் 11, திங்கள்

மிக்ஸி மறுபடியும் மக்கர். பாதி அரைந்த தேங்காயை அப்படியே குழம்பில் கொட்டினேன். ஸ்டீபன் அதையே சாப்பிட்டார். கணக்கு வாத்தியார், விடைத்தாள் கட்டோடு உட்கார்ந்துவிட்டால் இலையில் என்ன விழுந்தாலும் தெரியாது.

ஏழாம் படுக்கைப் பையனுக்கு இன்று இரண்டாவது பரிசோதனையும் முடிந்தது. மூளைச்சாவு. பெயர் காசிமாயன், வயது இருபத்து நான்கு, உசிலம்பட்டிக்குப் பக்கத்து ஊர். தக்காளி லோடு வண்டி ஓட்டுகிறவன். வியாழக்கிழமை பைக் சறுக்கி விழுந்திருக்கிறான். வீட்டாரிடம் விஷயத்தைச் சொல்லி உறுப்பு தானம் கேட்பது என் வேலை. நர்ஸாக இருந்துவிட்டு இதற்கு வந்தேன். "அமலி பேசினா யாரும் மறுக்க மாட்டாங்க" என்று எங்கள் ஆஸ்பத்திரி சேர்மன் எல்லார் முன்னாலும் சொல்வார். அதைக் கேட்கும்போது நான் தூண்டிலோடு உட்கார்ந்திருப்பவள் மாதிரி எனக்கே இருக்கும்.

இதற்கென்று ஓர் அறை வைத்திருக்கிறார்கள். எலுமிச்சை வாசனை ஸ்ப்ரே, பிளாஸ்டிக் ரோஜா, ரோஜாவின் மேல் தூசி. வீட்டில் எலுமிச்சம்பழம் வாங்குவதையே நிறுத்திவிட்டேன்.

அம்மா ஒச்சம்மாளும் அக்கா பாண்டீஸ்வரியும் வந்து உட்கார்ந்தார்கள். அப்பா இல்லை. நான் சொல்லி முடித்ததும் அந்த அம்மா என் கையைப் பிடித்தார்.

"நெஞ்சு அடிக்குதே தாயி. இப்பத்தான் காத வச்சுப் பாத்துட்டு வாரேன். சூடா இருக்கான்."

"மெஷின்தான் அடிக்க வைக்குதும்மா. நிப்பாட்டினா நின்னுரும்."

கிட்னிக்கும் கல்லீரலுக்கும் பாண்டீஸ்வரி தலையாட்டினாள். அம்மா எதற்கும் ஆட்டவில்லை. பிறகு, "நெஞ்சு யாருக்குப் போவும்?" என்றார்.

"சென்னைல ஒருத்தருக்கு. பேர் சொல்லக் கூடாதும்மா, சட்டம்."

"மெட்ராசுக்கா? பஸ்ஸுல ஏறுனா ஒரு ராத்திரி முழுக்க ஆவுமே. அம்புட்டு நேரம் தாங்குமா?"

"ப்ளேன்ல போகும்மா. ரெண்டு ஏர்போர்ட்டுக்கும் நடுவுல நானூத்திச் சொச்சம் கிலோமீட்டர்தான். பறக்கிறது ஒரு மணி நேரம்கூட இல்ல. எடுத்ததுலேருந்து நாலு மணி நேரத்துக்குள்ள வச்சுட்டா, அங்க அடிக்க ஆரம்பிச்சுரும்."

"எங்கயும் நிக்காம போகுமா?"

"நிக்காதும்மா."

"அப்ப எடுத்துக்கங்க. வேற எதுக்காகவும் இல்ல. அது எங்கயாச்சும் அடிச்சுக்கிட்டுக் கெடக்கட்டும்."

நவம்பர் 12, செவ்வாய்

இதயத்தை வைத்த பெட்டி, மீன் வாங்கப் போகிறவர்கள் கொண்டுபோகும் பெட்டி மாதிரி நீல நிறத்தில் இருந்தது. சென்னையிலிருந்து வந்த டாக்டர் இம்ரான் அதைத் தன் கையாலேயே தூக்கிக்கொண்டு வந்தார். சின்ன வயது. கண் சிவந்திருந்தது.

போர்ட்டிகோவில் சேர்மன் பட்டுச் சட்டையில் நின்றார். அத்தர் வாசனை லிஃப்ட் வரை வந்தது. பத்திரிகைக்காரர்கள், டி.வி. கேமரா, "மதுரையிலிருந்து பறக்கிறது ஓர் இதயம்" என்று பேனர். கொடியசைத்து அனுப்ப ஊர்ப் பெரிய மனிதர் ஒருவரைக் கூப்பிட்டிருந்தார்கள். அவர் கார் அப்போதுதான் உள்ளே நுழைந்தது. பின்னால் இரண்டு கார்கள். மூன்றும் சரிவுப் பாதையில் ஆம்புலன்ஸுக்கு முன்னால் நின்றன.

"சார், ஐஸ்ல வச்சாச்சு. நேரம் ஓடிக்கிட்டிருக்கு" என்றார் இம்ரான்.

"அஞ்சே நிமிஷம் தம்பி. அவரு இறங்கிட்டாரு."

ஆம்புலன்ஸ் மேல் ரோஜா இதழ்களைக் கொட்டினார்கள். தேங்காய் உடைத்தார்கள். சால்வை போட்டார்கள். கொடியசைத்தார்கள். ஆம்புலன்ஸ் சைரன் போட்டுக்கொண்டு நின்ற இடத்திலேயே நின்றது. நடுக்காரின் டிரைவர் சாவியோடு டீ குடிக்கப் போயிருந்தான். இம்ரான் இறங்கி அந்தக் காரின் கண்ணாடியைக் கையால் குத்தினார். அதையும் யாரோ படம் எடுத்தார்கள். டிரைவர் வடையை மென்றுகொண்டே வந்தான். உதட்டில் எண்ணெய். இப்போது கண்ணை மூடினாலும் அந்த உதடுதான் தெரிகிறது.

நாலு மணி விமானம் பத்து நிமிடம் காத்திருந்து பார்த்துவிட்டுப் போய்விட்டதாம். அடுத்த விமானத்தில் போனார்கள். போய்ச் சேர்ந்துவிட்டார்கள்.

நவம்பர் 13, புதன்

எல்லாப் பேப்பரிலும் வந்திருக்கிறது. "55 நிமிடத்தில் பறந்த இதயம்." இந்தச் செய்தியை நேற்று மதியமே, பெட்டி வெளியே வருவதற்கு முன்பே, எங்கள் ஆபீஸில் தட்டச்சு செய்து அனுப்பிவிட்டார்கள். பேனரின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு நானும் படத்தில் இருக்கிறேன். ஸ்டீபன் அதை வாட்ஸப்பில் ஸ்டேட்டஸ் வைத்து, "என் மனைவி" என்று எழுதி, பக்கத்தில் மூன்று கும்பிடு பொம்மை போட்டிருக்கிறார்.

டாக்டர் இம்ரான் காலையில் சென்னையிலிருந்து கூப்பிட்டார். பேசிவிட்டு வைத்தேன். பால் தீர்ந்திருந்தது. கடைக்குப் போனேன். காலில் செருப்பில்லாமல் போயிருக்கிறேன், திரும்பி வந்துதான் பார்த்தேன்.

விபத்து வழக்கு என்பதால் காசிமாயன் உடலைப் பிரேதப் பரிசோதனைக்கு அனுப்பியிருந்தோம். அங்கிருந்து ஊருக்குக் கொண்டுபோக எங்கள் வண்டி வரும் என்று நான்தான் சொல்லியிருந்தேன். வண்டி போகவில்லை. டி.வி.க்காரர்கள் இன்னொரு தரம் படம் எடுக்கவேண்டுமென்று அதே ஆம்புலன்ஸைப் போர்ட்டிகோவிலேயே நிறுத்தி வைத்திருந்தார்கள். ஒச்சம்மாள் பிணவறைத் தாழ்வாரத்தில் மதியம் வரை உட்கார்ந்திருந்தாராம். கடைசியில் காசிமாயனோடு லோடு அடிக்கும் பையன்கள் தக்காளி வண்டியைக் கழுவிக்கொண்டு வந்து எடுத்துப் போனார்கள். நல்லவேளை, நான் அங்கே போகவில்லை.

நவம்பர் 15, வெள்ளி

கேக் வெட்டினார்கள். இதய வடிவம், மேலே சிவப்பு ஜெல்லி. வெட்டிய இடத்தில் ஜெல்லி வழிந்தது. சேர்மன் தன் கையால் எனக்கு ஊட்டினார். எல்லாரும் கை தட்டினார்கள். கழிப்பறைக்குப் போய்த் துப்பினேன். பல்லிடுக்கிலிருந்து சிவப்பு போகவேயில்லை.

பிறகு அவர் அறைக்குக் கூப்பிட்டார்.

"ரெண்டு கிட்னியும் நல்லா வேலை செய்யுது அமலி. லிவரும் அருமை. மூணு உயிர். நாம அதை மட்டும் பேசுவோம்."

"இதயம் சார்?"

"அது சென்னை ஆஸ்பத்திரி விஷயம். மேல மழை, விமானம் சுத்துச்சு. நம்ம கையில என்ன இருக்கு? அந்தம்மா மனசை ஏன் நோகடிக்கணும்?"

பேசும்போது மூக்கின் ஓரத்தைச் சொறிந்துகொண்டே இருந்தார். சொறிந்த விரலால் எனக்கு ஒரு சாக்லெட் கொடுத்தார். வாங்கிக்கொண்டேன்.

நவம்பர் 19, செவ்வாய்

ஒச்சம்மாள் போன் செய்தார்.

"நல்லா அடிக்குதா தாயி?"

"நல்லா இருக்கும்மா."

"சாப்புடுதா அந்தப் பிள்ள? ஆம்பளயா, பொம்பளயா, அத மட்டும் சொல்லேன்."

"சொல்லக் கூடாதும்மா."

"சரி, சரி. ஒனக்குப் பொல்லாப்பு வேணாம். இங்கன வானத்துல ப்ளேன் போனா எல்லாரும் என்னயக் கூப்புட்டுக் காட்டுறாக. நானும் பாக்குறேன்."

போனை வைத்துவிட்டு வாஷ்பேசினில் வாந்தி எடுத்தேன். மத்தியானம் சாப்பிட்ட புளிசாதம். ஸ்டீபன் பித்தம் என்று சொல்லி இஞ்சி தட்டிப்போட்டுக் கொடுத்தார்.

நவம்பர் 20, புதன்

மிக்ஸி ரிப்பேரிலிருந்து வந்துவிட்டது. பிளேடு மாற்றியிருக்கிறான்.

நவம்பர் 22, வெள்ளி

ஒச்சம்மாள் மறுபடி பேசினார். சென்னைக்குப் போக வேண்டுமாம். "உள்ள வரமாட்டேன். மொகத்தப் பாக்க மாட்டேன். அந்த ஆஸ்பத்திரி வாசல்ல நின்னுட்டு, கும்புட்டுட்டு வந்துருவேன். ப்ளேன் கட்டணம் எம்புட்டு ஆகும்னு கேட்டுச் சொல்லு தாயி" என்கிறார். விசாரித்துச் சொல்கிறேன் என்றேன்.

இங்கே எழுதாமல் தள்ளிக்கொண்டே வந்தேன். ஒன்பது நாளாக இந்த நோட்டைத் திறந்து மிக்ஸி பற்றியும் பால் பற்றியும் எழுதிக்கொண்டிருக்கிறேன். பதின்மூன்றாம் தேதி காலை இம்ரான் போனில் சொன்னது இதுதான். இரண்டாவது விமானம் சென்னைக்கு மேலே மழையில் சுற்றிச் சுற்றி வந்தது. இறங்கியபோது நேரம் தாண்டிவிட்டது. ஆஸ்பத்திரியில் எடுத்துப் பார்த்தார்கள், உதவாது என்று சொல்லிவிட்டார்கள். காத்திருந்த பெண்ணை ஆபரேஷன் தியேட்டரிலிருந்து அப்படியே திரும்ப வார்டுக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். காசிமாயனின் இதயம் யாருக்கும் வைக்கப்படவில்லை.

"முதல் ப்ளேனைப் பிடிச்சிருந்தா மழைக்கு முன்னாடியே இறங்கியிருப்போம், சிஸ்டர்" என்றார். அழுதுகொண்டிருந்தார் என்று நினைக்கிறேன்.

நவம்பர் 25, திங்கள்

இதற்கு மேல் ஒரு மனுஷன் தாழ்ந்து போக முடியாது என்று ஒவ்வொரு தடவையும் நினைக்கிறேன்.

வியாழக்கிழமை பாராட்டு விழா. மேடையில் ஒச்சம்மாளுக்குச் சால்வை. இதுவரை சரி. இரண்டு வருஷத்துக்கு முன் வேறு ஊரில் இதயம் மாற்றிக்கொண்ட ஒருவர் மதுரையில் இருக்கிறார், துணிக்கடை வைத்திருக்கிறார். அவரையும் மேடைக்குக் கூப்பிடுகிறார்களாம். ஒச்சம்மாள் அவர் நெஞ்சில் காது வைத்துக் கேட்க வேண்டுமாம். கேமரா பக்கத்தில் வருமாம்.

"சார், அது அவங்க பையனோடது இல்லையே."

"அவங்க பையனோடதுன்னு நாம சொல்லப் போறமா? சொல்ல மாட்டோம். சட்டம் தெரியாதா எனக்கு? அவங்களா நினைச்சுக்கிட்டா நாம என்ன பண்றது?" சிரித்தார். "யார் நெஞ்சா இருந்தா என்ன அமலி? அந்தம்மாவுக்கு ஆறுதல்தானே."

பக்கத்தில் நின்ற விளம்பரப் பிரிவுப் பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். உண்மையிலேயே நெகிழ்ந்துவிட்டாள். அதுதான் என்னால் தாங்க முடியவில்லை.

என் வேலை, புதன்கிழமை போய் அம்மாவை அழைத்து வருவது. நல்ல சேலையாக உடுத்தச் சொல்ல வேண்டும்.

நவம்பர் 26, செவ்வாய்

நாளை வரை காத்திருக்க முடியவில்லை. காலை பஸ்ஸில் போய்விட்டேன். பஸ்ஸில் எனக்கு முன்னால் உட்கார்ந்தவர் தலையில் எண்ணெயும் வேர்வையும் சேர்ந்து நாறியது. முகத்தைத் திருப்பவில்லை. அவரைப் பார்த்து முகம் சுளிக்க எனக்கு என்ன யோக்கியதை.

ஓட்டு வீடு. வாசலில் சாக்கு விரித்து ஒச்சம்மாள் கடலை உடைத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து, "பாண்டி, காப்பி போடு. நம்ம ஆஸ்பத்திரி தாயி வந்திருக்கு" என்றார்.

"காப்பி வேணாம்மா. உக்காருங்க."

நின்றபடியே சொன்னேன். கார்கள், கொடி, டீ குடிக்கப் போன டிரைவர், மழை, எல்லாவற்றையும். அந்தத் துணிக்கடைக்காரர் விஷயத்தையும் சொன்னேன். "நல்லா அடிக்குதுன்னு நான் சொன்னது பொய்" என்றும் சொன்னேன்.

பாண்டீஸ்வரி அடுப்படியிலிருந்து வந்தாள். அவள் வாயில் வந்ததை நான் எழுதப் போவதில்லை. ஒரு வார்த்தையும் தப்பில்லை. என் ஹேண்ட்பேக்கைப் பிடுங்கித் தெருவில் எறிந்தாள். பக்கத்து வீட்டார் வந்து எட்டிப் பார்த்தார்கள்.

ஒச்சம்மாள் கையில் ஒரு கடலை உடைபடாமல் அப்படியே இருந்தது.

"அப்ப அது இப்ப எங்க இருக்கு?" என்றார்.

எனக்குப் புரியவில்லை. "எதும்மா?"

"எம் மகன் நெஞ்சு. யாருக்கும் வைக்கலன்னா எங்கயாச்சும் இருக்கணும்ல. எங்க இருக்கு?"

அதை நான் கேட்கவேயில்லை. இத்தனை நாளில் ஒரு தடவைகூட அது எனக்குத் தோன்றவில்லை. தெருவில் கிடந்த பேக்கை எடுத்து, அங்கேயே நின்று இம்ரானுக்குப் போன் செய்தேன். ஆய்வகத்தில் ஒரு ஜாடியில் மருந்து ஊற்றி வைத்திருக்கிறார்களாம். அழிக்கச் சொல்லிவிட்டார்களாம். இம்ரான் இன்னும் கையெழுத்துப் போடவில்லையாம்.

"போட வேணாம்னு சொல்லு" என்றார் ஒச்சம்மாள். "நான் வந்து எடுத்துக்கிறேன்."

நவம்பர் 28, வியாழன்

விழா நடந்தது. அம்மா துக்கம் தாளாமல் வரவில்லை என்று மைக்கில் சொன்னார்களாம். துணிக்கடைக்காரரின் நெஞ்சில் சேர்மனே காது வைத்துக் கேட்டாராம். கண்ணீர் விட்டாராம்.

நான் நேற்றே வேலையை விட்டுவிட்டேன். கழுத்து அட்டையைக் கொடுத்தபோது சேர்மன், "உனக்கு ரெஸ்ட் வேணும் அமலி, நீ ரொம்ப எமோஷனல்" என்று தோளைத் தட்டினார். வீட்டுக்கு வந்து தோளைச் சோப்புப் போட்டுத் தேய்த்துக் குளித்தேன்.

ஸ்டீபனிடம் எல்லாம் சொன்னேன். "அந்தம்மாவ மேடைக்குக் கூப்பிடாம இருந்திருந்தா சொல்லியிருப்பியா?" என்றார்.

நவம்பர் 30, சனி

நானும் ஒச்சம்மாளும் பாண்டீஸ்வரியும் சென்னைக்கு வந்தோம். பஸ்ஸில் போகலாம் என்றேன். "அது போன வழியிலதான் நானும் போவேன்" என்றுவிட்டார். டிக்கெட் நான் எடுத்தேன். பாண்டீஸ்வரி என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. எனக்கு இரண்டு வரிசை தள்ளி உட்கார்ந்தாள்.

ஒச்சம்மாளுக்கு ஜன்னல் ஓரம். பெல்ட்டை நான் மாட்டிவிட்டேன். பறக்கும் நேரம் ஐம்பத்தைந்து நிமிடம் என்று ஒலிபெருக்கியில் சொன்னார்கள். நான் தமிழில் சொன்னதும், "அதச் சொல்லாத" என்றார். மேலே ஏறியதும் கண்ணை மூடிக்கொண்டார். யாரோ வறுத்த முந்திரி தின்றார்கள், யாரோ படம் பார்த்துச் சிரித்தார்கள். எனக்கு எல்லார் வாயையும் பொத்த வேண்டும் போல இருந்தது.

சென்னை வந்ததும் விமானம் சாய்ந்து திரும்பியது. இறங்க இடம் கிடைக்கும்வரை ஒரு சுற்று என்றார்கள். ஒச்சம்மாள் கண்ணைத் திறந்து கீழே பார்த்தார். வீடுகள், கடல், ரோட்டில் எறும்பு மாதிரி வண்டிகள்.

"இங்கனதான் சுத்துச்சா?"

"ஆமாம்மா."

"கீழ ஆஸ்பத்திரி தெரியுதா?"

"தெரியலம்மா."

"தெரியுற தூரம்தான்" என்றார். ஜன்னல் கண்ணாடியில் உள்ளங்கையை வைத்து, இறங்கும் வரை எடுக்கவில்லை.

இம்ரான் வெளியே காத்திருந்தார். ஆய்வகத்துக்குள் நான் அவர்களோடு போகவில்லை. மருந்து நெடி வாசலுக்கே வந்தது. இந்த நெடியில் பன்னிரண்டு வருஷம் சாப்பாட்டு டப்பா திறந்திருக்கிறேன், இன்று நிற்க முடியவில்லை. வெளியே வந்தபோது ஒச்சம்மாள் தன் பழைய சேலைத்துணி ஒன்றில் ஜாடியைச் சுற்றி இடுப்பில் வைத்திருந்தார்.

"காத்துக்கிட்டிருந்துச்சே ஒரு பிள்ள, அது எப்படியிருக்கு?" என்று இம்ரானைக் கேட்டார்.

இம்ரான் என்னைப் பார்த்தார். "போன ஞாயித்துக்கிழமை இறந்துட்டாங்கம்மா."

"அதுக்கு ஆத்தா இருக்காகளா?"

"இருக்காங்க."

ஒச்சம்மாள் அந்த நடைபாதைத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். மகனுக்காக ஆஸ்பத்திரியில் ஒரு நாளும் சத்தம் போட்டு அழாதவர், அங்கே உட்கார்ந்து அந்தப் பெண்ணுக்காக ஒப்பாரி வைத்தார். காவலாளி வந்து "சத்தம் போடக் கூடாதும்மா" என்றான். பாண்டீஸ்வரி அவனைப் பார்த்த பார்வையில் போய்விட்டான்.

நடந்ததை எல்லாம் எழுதிக் கையெழுத்துப் போட்டு இம்ரான் என்னிடம் ஒரு பிரதி கொடுத்தார். தனக்கு வேலை போகும் என்று சொன்னார். சாதாரணமாகத்தான் சொன்னார்.

டிசம்பர் 1, ஞாயிறு

விடியற்காலை சென்னையில் பஸ் ஏறினோம். விமானத்தில் அனுமதிக்க மாட்டார்கள். அனுமதித்தாலும் இனி அதில் ஏற்ற மாட்டேன் என்று ஒச்சம்மாள் சொல்லிவிட்டார். பகல் முழுக்கப் பஸ். ஜாடி அவர் மடியில். விழுப்புரத்தில் நிறுத்தினான், திருச்சியில் நிறுத்தினான். ஒரு தடவைகூட அவர் இறங்கவில்லை. பாண்டீஸ்வரி எனக்கும் சேர்த்து ஒரு தண்ணீர் பாட்டில் வாங்கி வந்து, பேசாமல் என் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனாள்.

சாயங்காலம் வெளிச்சம் இருக்கும்போதே ஊருக்குப் போய்விட்டோம். காசிமாயனைப் புதைத்த இடத்தில் லோடு வண்டிப் பையன்கள் தலைமாட்டில் சின்னதாகக் குழி வெட்டி வைத்திருந்தார்கள். ஜாடியிலிருந்து எடுத்து, பால் ஊற்றிக் கழுவி, வெள்ளைத் துணியில் வைத்தார்கள். ஒரு கைப்பிடி அளவுதான். நான் எத்தனையோ பார்த்திருக்கிறேன். அந்த நிறத்தைப் பார்த்ததும் வாயைப் பொத்திக்கொண்டு வேலிப் பக்கம் ஓடினேன். திரும்பி வந்தபோது ஊரில் எல்லாரும் ஆளுக்கொரு பிடி மண் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

நானும் குனிந்து ஒரு பிடி எடுத்தேன்.

"வேணாம்" என்றார் ஒச்சம்மாள். சத்தமாக இல்லை. "ஓங் கை மண்ணு வேணாம் தாயி. போட்டுரு."

கீழே போட்டேன். கையைச் சேலையில் துடைக்கவும் தோன்றவில்லை. யாரும் என்னைப் பார்க்கவில்லை, அல்லது எல்லாரும் பார்த்தார்கள். மூடி முடிக்கிற வரை ஓரமாக நின்றேன்.

கூட்டம் கலைந்ததும் கடைசிப் பஸ்ஸுக்காக ரோட்டுப் பக்கம் நடந்தேன். பின்னால் அவர் கூப்பிட்டார். தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டு, ஈரச் சேலையோடு வந்தார்.

"அந்த டாக்டர் தம்பி எழுதிக் குடுத்தது ஒங்கிட்டயா இருக்கு?"

"ஆமாம்மா. நானும் தனியா எழுதி வச்சிருக்கேன். சேர்மன் பேரு, கொடியசைக்க வந்தவரு பேரு, எல்லாம் இருக்கு."

"ஓம் பேரு?"

"இருக்கும்மா."

தலையைத் துவட்டி முடித்தார்.

"நாளைக்குத் திங்கக்கெழம. கலெக்டர் மனு வாங்குவாரு. வெள்ளன வந்துரு. வரிசை பெருசா இருக்கும்."